ஐம்பது நாள் சமையலறை

மீன் இல்லாமல் சோறு இறங்காத கேரளத்து வீடுகளும் ஆண்டுக்கு ஒருமுறை அடியோடு மாறிவிடுகின்றன. மகாராஷ்டிரத்தில் சிராவணம், ஒடிசாவில் கார்த்திகை, தமிழ்நாட்டில் புரட்டாசி. நோன்பு முடிந்தபின் தட்டில் என்ன மிஞ்சுகிறது?

மத்திய கேரளத்துச் சிரியன் கிறிஸ்துவ வீடுகளில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தனிப் பெயர் உண்டு: பேத்துர்த்தா. மாட்டிறைச்சி வறுவல், மீன் குழம்பு, முட்டை ரோஸ்ட் என்று எல்லாம் ஒரே நாளில் அடுப்பேறும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் பாத்திரங்கள் நன்றாகத் தேய்த்துக் கழுவப்படும். சில வீடுகளில் மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துப் பரணில் ஏற்றிவிடுவார்கள். திங்கட்கிழமை காலை முதல் வலிய நோன்பு. ஈஸ்டர் வரை சுமார் 50 நாள் இறைச்சி, மீன், முட்டை எதுவும் கிடையாது. பழைய முறைப்படி பால், தயிர், நெய்யும் கிடையாது, மதுவும் கிடையாது. இன்று பால் கலந்த தேநீரை விட முடியாத வீடுகள் பல. ஆனால் மீனையும் இறைச்சியையும் விடுவதில் மாற்றம் இல்லை.

இது சாதாரண மாற்றமல்ல. 2014-இல் இந்தியப் பதிவாளர் ஜெனரல் அலுவலகம் நடத்திய மாதிரிப் பதிவு முறையின் அடிப்படை ஆய்வின்படி கேரளத்தில் 15 வயதைத் தாண்டியவர்களில் 97 சதவிகிதம் பேர் அசைவம் சாப்பிடுகிறவர்கள். அப்படிப்பட்ட மாநிலத்தில் ஒரு பெரிய சமூகம், டாக்டர் சீட்டோ, எடை பார்க்கும் இயந்திரமோ இல்லாமல், குடும்பம் குடும்பமாக ஏழு வாரம் தாவர உணவுக்கு மாறுகிறது. நோன்பு புதிதல்ல. 1599-இல் உதயம்பேரூரில் போர்ச்சுகீசியர் கூட்டிய சபையின் ஆவணங்களிலேயே மலபார்க் கிறிஸ்துவர்களின் கடுமையான தவக்காலம் பற்றிய குறிப்பு உண்டு. பெரிய நோன்பு தவிர, கிறிஸ்துமஸுக்கு முன் 25 நாள், செப்டம்பர் முதல் வாரத்தில் மாதாவுக்கு 8 நாள், நினிவே நகரத்தார் நினைவாக 3 நாள் என்று ஆண்டு முழுவதும் சின்ன நோன்புகளும் உண்டு.

இந்த நாட்களில் அடுப்பில் என்ன இருக்கும்? காலையில் புட்டும் பயறும், அல்லது கஞ்சியும் பயறும். மதியம் சோற்றுடன் தேங்காயை வறுத்தரைத்த தீயல், மாங்காய் போட்ட தேங்காய்ப்பால் கறி, முருங்கைக்கீரைத் தோரன். மாலையில் சேனையும் காய்ச்சில் கிழங்கும் வேகவைத்த புழுக்கு, தொட்டுக்கொள்ள காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி. இவற்றுக்கெல்லாம் நடுநாயகம் பலாக்காய். மாசி, பங்குனியில் மரத்தில் பிஞ்சு தொங்குகிற காலமும் நோன்புக் காலமும் ஒன்றாக வருகின்றன. பிஞ்சை இடித்துத் தோரன், முற்றிய காயில் புழுக்கு, கொட்டையில் கூட்டு. ஈரப்பலாக்காயை இறைச்சிக்குப் போடும் அதே மல்லி, மிளகு, பட்டை, சோம்பு மசாலாவில் புரட்டி எடுத்தால், நாக்கு பெரிதாக ஏமாறுவதில்லை. வங்காளத்தில் பலாக்காய்க்கு 'மரத்து ஆடு' என்றே பெயர் இருப்பதற்கும் இதுதான் காரணம்.

நாடெங்கும் ஒரு மாதம்

மதம் மாறுகிறது, மாதம் மாறுகிறது, வழக்கம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் ஆடி அமாவாசை அன்று 'கட்டாரி'. கோழிக் கடைகளில் வரிசை நிற்கும். மறுநாள் சிராவணம் பிறந்தால் பல இந்துக் குடும்பங்களில் ஒரு மாதம் இறைச்சி, மீன், முட்டை, மது கிடையாது. சில வீடுகளில் வெங்காயமும் பூண்டும்கூட இல்லை. அந்த இடத்தை நிரப்ப மழைக்காலக் காட்டுக் கீரைகள் சந்தைக்கு வருகின்றன. தகரைக் கீரை, பழுபாகல், சேப்பங்கிழங்கு இலையில் கடலை மாவு தடவிச் சுருட்டி வேகவைத்த அளுவடி என்று மற்ற மாதங்களில் பார்க்க முடியாத பதார்த்தங்கள் தட்டுக்கு வரும்.

ஒடிசாவில் கார்த்திகை. வயதான பெண்கள் 'ஹபிஷ' விரதம் இருப்பார்கள். ஒரு வேளை மட்டும் பச்சரிசிச் சோறு. பாசிப்பருப்பு, சேப்பங்கிழங்கு, வாழைக்காய், உவாக்காய் சேர்த்து மஞ்சள் போடாமல் வேகவைத்த தால்மா. மேலே கொஞ்சம் நெய். இதற்காகவே ஒரு மாதம் புரியில் வந்து தங்குகிறவர்கள் உண்டு. வீட்டில் மற்றவர்கள் இவ்வளவு கடுமையாக இல்லாவிட்டாலும் மீனை விட்டுவிடுவார்கள். மாதம் முழுக்க முடியாதவர்கள் கடைசி ஐந்து நாளாவது விடுவார்கள். அதற்குப் பெயர் 'பக பஞ்சகம்'. அந்த ஐந்து நாளும் கொக்குகூட மீனைத் தொடாது என்பது நம்பிக்கை. மீனும் சோறுமாக வாழும் மாநிலத்தில் கொக்கையே சாட்சிக்கு இழுக்க வேண்டியிருக்கிறது!

தமிழ்நாட்டின் புரட்டாசியையும், கார்த்திகையில் மாலை போடும் ஐயப்ப பக்தர்களின் 41 நாள் விரதத்தையும் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இவையெல்லாம் தனித்தனித் தீவுகள் அல்ல என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019-20இல் சுமார் 30,000 இந்தியர்களிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், தங்களை சைவர் என்று சொன்னவர்கள் 39 சதவிகிதம். ஆனால் சில வகை இறைச்சியையோ, சில நாட்களில் இறைச்சியையோ தவிர்க்கிறவர்களையும் சேர்த்தால் அது 81 சதவிகிதமாகிறது. சைவம், அசைவம் என்ற இரண்டு பெட்டிக்குள் அடங்காத பெரும்பான்மை ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது: காலண்டரைப் பார்த்துச் சாப்பிடுகிற இந்தியர்கள்.

டயட்டுக்கு முடியாதது

சர்க்கரை நோய்க்காக டாக்டர் சொன்ன உணவு முறையை மூன்று வாரம் தாக்குப்பிடிக்க முடியாதவர், நோன்பு என்றால் ஏழு வாரம் அசையாமல் இருக்கிறார். பக்தி முக்கியக் காரணம்தான். ஆனால் அது மட்டும் காரணமல்ல.

முதலில், விதி எளிமையானது. எத்தனை கிராம், எத்தனை கலோரி என்ற கணக்கு இல்லை. உண்டு அல்லது இல்லை. 'இன்று ஒரு துண்டு' என்று தினமும் மனதுடன் பேரம் பேச வேண்டியதில்லை. இரண்டாவது, வீடு முழுவதும் சேர்ந்து இருக்கிறது. ஒருவர் மட்டும் கீரை தின்ன, எதிரே மற்றவர்கள் மீன் வறுவல் சாப்பிடும் சோதனை இல்லை. வாங்கி வைத்தால்தானே கை போகும்? மூன்றாவது, பக்கத்து வீடும் கடைத்தெருவும் கூட வருகின்றன. கேரளத்து ஓட்டல்கள் 'நோன்பு ஊண்' போடுகின்றன. மும்பையில் சிராவணத் தாலி வருகிறது. நான்காவது, முடிவு தேதி உண்டு. ஆயுளுக்கும் விடு என்றால் மிரள்கிற மனம், ஈஸ்டர் வரை என்றால் சம்மதிக்கிறது.

பருவமும் ஒத்துழைக்கிறது. சிராவணம் அரபிக்கடல் கொந்தளிக்கும் காலத்தை ஒட்டி வருகிறது. சிராவணப் பௌர்ணமியன்று கோலி மீனவர்கள் கடலுக்குத் தேங்காய் படைத்துவிட்டுப் படகு இறக்குவது வழக்கம். மீன் குறைந்த நாளில் மீனை விடுவது, பலா காய்க்கும் நாளில் பலாவைத் தின்பது என்று பழைய நோன்புகள் சந்தையையும் பார்த்தே நடந்துவந்திருக்கின்றன.

ஒரு பழக்கம் படிய எத்தனை நாள் வேண்டும்? லண்டன் யூனிவர்சிடி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லேலியும் சகாக்களும் 96 பேரிடம் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தேடியது. தினமும் ஒரே நேரத்தில் செய்யும் ஒரு சின்னச் செயல் தானாக வரும் அளவுக்குப் பழக, நடுவாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதும். சிலருக்கு 254 நாள் தேவைப்படும் என்று கணக்கிடப்பட்டது. 30 நாள் நோன்பு இந்தக் கணக்கில் பாதி வழியை நெருங்குகிறது; 41, 50 நாள் நோன்புகள் அதைத் தாண்டிவிடுகின்றன. மீதி வழி நோன்பு முடிந்தபின் நடக்க வேண்டியது.

உடம்பின் கணக்கு

இப்படிப்பட்ட நோன்பு உடம்புக்கு என்ன செய்கிறது என்பதை நன்றாக ஆராய்ந்த இடம் கிரேக்கத்தின் கிரீட் தீவு. அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்துவர்கள் ஆண்டில் 180 முதல் 200 நாள் வரை இறைச்சி, பால், முட்டையைத் தவிர்ப்பார்கள். நோன்பு இருக்கும் 60 பேரையும் இல்லாத 60 பேரையும் ஓராண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு 2003-இல் வெளியானது. நோன்புகளின் முடிவில், இருந்தவர்களின் மொத்தக் கொலஸ்டிரால் மற்றவர்களைவிட 12.5 சதவிகிதமும், கெட்ட கொலஸ்டிரால் எனப்படும் எல்.டி.எல். 15.9 சதவிகிதமும் குறைவாக இருந்தன. எடை விஷயத்தில் வித்தியாசம் சொற்பம்தான். ஆனால் அது ஆலிவ் எண்ணெய், பருப்பு, காய்கறி நிறைந்த கிரீட் தட்டு. இந்தியத் தட்டில் அதே பலன் தானாக வந்துவிடாது.

காரணம், இங்கே மீனும் இறைச்சியும் போன இடத்தில் பெரும்பாலும் மாவுச்சத்துதான் வந்து உட்காருகிறது. கேரளத்தில் கப்பையும் சோறும் கூடுகின்றன. மகாராஷ்டிர விரத நாட்களில் ஜவ்வரிசிக் கிச்சடி. அந்த ஜவ்வரிசியில் கணிசமான பங்கு சேலத்து மரவள்ளி ஆலைகளிலிருந்து போகிறது என்பது தமிழர்களுக்கு மகிழ்ச்சி தரலாம். ஆனால் 100 கிராம் உலர்ந்த ஜவ்வரிசியில் சுமார் 350 கலோரி இருக்கிறது. புரதம் ஒரு கிராம்கூட இல்லை. கூடவே உருளைக்கிழங்கு வறுவல், வாழைக்காய் சிப்ஸ், பழம்பொரி. எண்ணெயில் பொரித்தது அசைவமல்ல என்பதால் விதி மீறப்படவில்லை, உடம்புதான் மீறப்படுகிறது.

இந்தியாவில் இது சின்ன விஷயமல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இண்டியாப்' ஆய்வு 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். கேரளத்தில் வயதுவந்தோரில் 25.5 சதவிகிதம், அதாவது நால்வரில் ஒருவர். நோன்பு வீட்டின் மேஜையைச் சுற்றி நான்கு பெரியவர்கள் உட்கார்ந்தால், அதில் ஒருவருக்கு அந்தக் கப்பைத் தட்டு மருந்தாகவோ விஷமாகவோ ஆக முடியும்.

வழி சமையலறையிலேயே இருக்கிறது. 100 கிராம் மத்தி மீனில் ஏறக்குறைய 20 கிராம் புரதம். 85 கிராம் பயறு அல்லது பருப்பிலும் ஏறக்குறைய அவ்வளவே. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி பெரியவர்களுக்குச் சொல்லும் அளவும் இதுதான்: ஒரு நாளைக்குப் பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், தானியம் 250 கிராம். தானியமும் பருப்பும் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சேர்ந்தால் புரதத்தின் தரமும் நிறைவாகும். சாம்பாரில் தேடிப் பிடிக்க வேண்டிய பருப்பு இந்தக் கணக்குக்குப் போதாது. கஞ்சிக்குப் பயறு என்று வகுத்த பழைய கேரளப் பாட்டிகள் கிட்டத்தட்ட சரியாகவே வகுத்திருக்கிறார்கள். பயறின் அளவை மட்டும் கூட்ட வேண்டும்.

பலாக்காய்க்கும் சான்று இருக்கிறது. ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளத்தில் சர்க்கரை நோயாளிகள் 40 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான சோதனையில், அரிசி அல்லது கோதுமை மாவுக்குப் பதில் தினமும் 30 கிராம் பலாக்காய் மாவு 12 வாரம் சேர்த்தவர்களுக்கு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை மற்றவர்களைவிட அதிகம் குறைந்தது. சிறிய சோதனைதான், ஆனால் சோற்றுக்கு மேல் பலாவைச் சேர்ப்பதும், சோற்றின் இடத்தில் பலாவை வைப்பதும் வேறு வேறு என்பதை அது காட்டுகிறது. பழுத்த பலாவுக்கு இந்தச் சலுகை கிடையாது. கேரள அரசு 2018-இல் பலாவை மாநிலப் பழமாக அறிவித்தபின் காய்க்கும் மரியாதை கூடியிருக்கிறது.

வைட்டமின் பி-12 தாவர உணவில் அநேகமாக இல்லை. ஆனால் நல்ல நிலையில் உள்ளவரின் கல்லீரலில் அது ஆண்டுக்கணக்கில் சேமிப்பில் இருக்கும். ஐம்பது நாளில் தீர்ந்துபோகாது. ஏற்கெனவே குறைபாடு உள்ளவர்களும், நீண்ட நாள் மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கவனமாக இருக்க வேண்டும். இரும்புச்சத்து அதைவிடப் பெரிய கவலை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. கீரை, பயறுடன் எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் சேர்ப்பதும், சாப்பாட்டுடன் தேநீர் குடிக்காமல் இருப்பதும் எளிய பாதுகாப்பு.

யார் சுமக்கிறார்கள்?

நோன்பு இருப்பது குடும்பம். நோன்பைச் சமைப்பது பெரும்பாலும் ஒரு பெண். பயறு ஊறவைக்க வேண்டும், தேங்காய் துருவ வேண்டும், பலாப் பிசினுடன் மல்லாட வேண்டும். ஒரு மீன் குழம்பு முடித்துவைக்கும் வேலையை மூன்று காய்கறி சேர்ந்து செய்ய வேண்டியிருக்கிறது. நோன்பு இல்லாத பிள்ளைக்கு முட்டை என்றால் இரண்டு சமையல். 2024-இல் மத்தியப் புள்ளியியல் துறை நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவழிக்கிறார்கள். புதிய உணவுப் பழக்கம் நிலைக்குமா என்பதை நாக்கைவிட இந்தக் கணக்குதான் அதிகம் தீர்மானிக்கிறது. தேங்காய் துருவ இன்னொரு கை வராத வீட்டில், 51-ஆம் நாள் பழைய சமையல் திரும்புவதில் ஆச்சரியமில்லை.

இன்னொரு கேள்வி வாசலுக்கு வெளியே நிற்கிறது. ஒருவர் நோன்பு இருப்பதற்காக அடுத்தவர் கடையை மூட வேண்டுமா? ஜைனர்களின் பர்யூஷண நாட்களில் அகமதாபாத் மாநகராட்சி இறைச்சிக்கூடங்களை 9 நாள் மூடியதை, குறுகிய காலம்தான் என்பதால் உச்ச நீதிமன்றம் 2008-இல் ஏற்றது. 2015-இல் மும்பையில் ஒரு நாள் இறைச்சி விற்பனைக்கு விதித்த தடையை பம்பாய் உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. கேரளத்து வலிய நோன்போ, ஒடிசாக் கார்த்திகையோ இத்தனை காலம் நிலைத்ததற்கு எந்த மாநகராட்சி உத்தரவும் தேவைப்படவில்லை. மீன்காரியின் கூடை மற்ற வீடுகளுக்கு வழக்கம்போல் போய்க்கொண்டுதான் இருந்தது. தானாக ஏற்றது என்பதே அதன் பலம்.

மறுநாள்

கார்த்திகைப் பௌர்ணமிக்கு மறுநாள் ஒடிசாவில் 'சாடகாய்'. விடிவதற்கு முன்பே ஆட்டுக்கறிக் கடையில் கூட்டம் கூடிவிடும். ஈஸ்டர் காலையில் கோட்டயத்து வீடுகளில் கள்ளப்பமும் கோழி ஸ்டூவும் வாத்து ரோஸ்ட்டும் காத்திருக்கும். ஒரு மாதம் சேர்த்துவைத்ததை ஒரே நாளில் செலவழிப்பதுபோல் இருக்கும். இதைப் பழிக்க வேண்டியதில்லை. விருந்து இல்லாத நோன்பு எந்த ஊரிலும் இல்லை. விருந்து ஒரு நாளில் முடிகிறதா, அடுத்த நோன்பு வரை நீள்கிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இதற்கும் பழைய மரபே வழி வைத்திருக்கிறது. ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய சபையினருக்குப் புதனும் வெள்ளியும் ஆண்டு முழுவதும் விரத நாட்கள். மராட்டியருக்குத் திங்கள் அல்லது வியாழன், தமிழர்களுக்கு வெள்ளி அல்லது சனி. 1965-இல் உணவுத் தட்டுப்பாட்டின்போது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி திங்கள் மாலை ஒரு வேளைச் சாப்பாட்டை விடச் சொன்னபோது நாடு கேட்டதற்கும், வாரத்தில் ஒரு நாள் என்பது இந்தியர்களுக்குப் பழகிய கணக்கு என்பது ஒரு காரணம். மாத நோன்பு கற்றுத் தருகிறது; வார நோன்பு காப்பாற்றுகிறது.

அதற்கு நோன்பு நாட்களில் வீட்டில் நன்றாக அமைந்த நாலைந்து பதார்த்தங்களை அடையாளம் கண்டு வைத்துக்கொண்டாலே போதும். ஐம்பது நாள் தட்டில் இருந்த இடிச்சக்கைத் தோரன் 51-ஆம் நாள் மீன் குழம்புக்குப் பக்கத்தில் இடம் பிடித்து, மீன் துண்டு இரண்டிலிருந்து ஒன்றானால், அந்த வீட்டில் நோன்பு வேலை செய்திருக்கிறது.

வீட்டில் தொடங்குகிறவர்களுக்கு

நாள் குறியுங்கள்: தொடக்கமும் முடிவும் காலண்டரில் இருக்கட்டும். முதல்முறை என்றால் இரண்டு வாரம் போதும்.

பயறை முதலில் எழுதுங்கள்: வாரச் சமையல் பட்டியலில் எந்த நாள் பாசிப்பயறு, எந்த நாள் கொண்டைக்கடலை, எந்த நாள் தட்டைப்பயறு என்று முடிவு செய்தபின் காய்கறிக்குப் போகலாம். ஊறவைக்க மறந்த நாள்தான் ஓட்டலுக்குப் போகும் நாள்.

மசாலாவை விடாதீர்கள்: நாக்கு தேடுவதில் பாதி இறைச்சியல்ல, அதில் போடும் மசாலா. சேனை, பலாக்காய், காளான், வாழைக்காய் எதிலும் அது பிடிக்கும்.

பொரித்தது வாரத்துக்கு ஒருமுறை: அப்பளமும் இந்தக் கணக்கில்தான்.

இரத்தப் பரிசோதனை: தொடங்கும் முன் ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை சர்க்கரையும் கொலஸ்டிராலும் பார்த்தால் பலன் கையில் தெரியும்.

டாக்டரைக் கேட்க வேண்டியவர்கள்: இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டால் சர்க்கரை திடீரென இறங்கலாம். சிறுநீரக நோயாளிகளுக்குப் பருப்பு, இளநீர், வாழைப்பழ அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறு குழந்தைகள், மெலிந்த முதியவர்களுக்கு நோன்பு மரபிலேயே விலக்கு உண்டு. அவர்களை வற்புறுத்த வேண்டாம்.